காலி வானம்

அப்பாவின் காலருகே வைத்த மலர்வளையத்தை நிமிர்த்தி, தன் ஏல நிறுவனத்தின் பெயர் எல்லோருக்கும் தெரிகிறதா என்று மதிப்பீட்டாளர் இரண்டடி பின்வாங்கிப் பார்த்தார். தெரிந்தது. அதன் பிறகுதான் அவருக்குத் துக்கம் வந்தது.

"பெரிய இழப்பு," என்றார் பெரியவனிடம். "படம் எந்த ரூம்ல இருக்கு?"

சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டு அண்ணன் பின்னால் போனாள். அப்பா நாற்பது வருடம் ரயில்வே சுவரொட்டிகளுக்கு மூலப்படம் வரைந்தவர். கடல், மலை, பாலம், ஓரத்தில் ஒரு ரயில். அச்சடித்து நிலையங்களில் ஒட்டுவார்கள். மழை வந்து கிழிக்கும். அப்போது ஒரு நாயும் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அதே மூலப்படங்களுக்கு, ரயிலில் கால் வைத்தே அறியாத கனவான்கள் ஏசி ஹாலில் உட்கார்ந்து போட்டி போட்டுக் கை தூக்குகிறார்கள். பெரியவன் வீட்டிலிருந்த பன்னிரண்டில் பதினொன்றை விற்றுத் தன் பாத்ரூம் டைல்ஸ் கடைக்கு மாடி எழுப்பிவிட்டான்.

மிச்சம் ஒன்று. நடைமேடையில் குடையோடு ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா. ஏதோ சண்டையில் திரும்பி நின்றவளை அப்பா அப்படியே வரைந்துவிட்டார். போட்டோவுக்கு ஒருநாளும் நிற்காத அம்மா, இந்த வீட்டில் மிஞ்சியது அந்தக் கோபக்கார முதுகாகத்தான்.

"அவள மட்டும் வித்துடாதடா," என்று அப்பா கேட்டபோது, "சரிப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க," என்றான் பெரியவன். நேற்று அப்பா முழுசாக ரெஸ்ட் எடுத்துக்கொண்டார். இன்று மதிப்பீட்டாளர் வந்துவிட்டார்.

சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்திருந்த படத்தை, புதுக் காரைத் திறந்து காட்டுகிறவன் முகத்தோடு பெரியவன் திருப்பினான். மதிப்பீட்டாளர் பூதக்கண்ணாடியை எடுத்தார். எடுத்த வேகத்தில் மடக்கினார்.

"மேல என்னங்க இது?"

"மேகம் சார்."

"அது தெரியுது. எங்கேருந்து வந்துச்சு?"

"மேல்பாதி சும்மா காலியா கிடந்துச்சு சார். அப்பா அரைகுறையா விட்டுட்டார். போன வாரம் நான்தான் ஆள் வச்சு முடிச்சேன்."

ஆள் என்பவன் மழலையர் பள்ளிச் சுவர்களில் முயல் வரைகிறவன். ஏழு மேகங்கள். ஏழும் காதில்லாத முயல்கள்.

"ஊர் பேரு அச்சடிக்கத்தாங்க அந்த இடத்தக் காலியா விடுவாங்க. காலி வானம் இருந்தாத்தான் மூலப்படம்னு எங்க ஆளுங்க நம்புவாங்க. இப்ப இது..." மதிப்பீட்டாளர் வார்த்தை தேடினார். "காலண்டர்."

படத்தில் விரல்கூட வைக்காமல் வெளியேறினார். போகிற போக்கில் மலர்வளையத்திலிருந்து பெயர் அட்டையை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். பூ வாடிவிடும், அட்டை அடுத்த சாவுக்கு ஆகும்.

"அப்பவே சொன்னேன், ஒரு சூரியனும் சேத்து வரையச் சொல்லுங்கன்னு," என்றாள் அண்ணி.

பெரியவன் தங்கையைப் பார்த்தான். "நீயே வச்சுக்க. அப்பா ஞாபகமா இருக்கட்டும்." வாசல்வரை போய்த் திரும்பினான். "பிரேம் மட்டும் அப்புறம் கழட்டிக்கிறேன்."

அறையில் அவளும் அம்மாவின் முதுகும் மிஞ்சினார்கள். மேகங்களை அப்பா பார்த்துவிடக் கூடாதென்று அவள்தான் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தாள். நேற்றுக் காலை அப்பா கேட்டார்: "ஏம்மா திருப்பி வச்சிருக்க?"

"அம்மா கோவமா இருக்காங்கப்பா."

"எப்பதான் இல்ல," என்று சிரித்தார். அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

அவர் உதட்டை நனைத்த பஞ்சு கிண்ணத்திலேயே கிடந்தது. எடுத்து ஒரு மேகத்தின்மேல் வைத்தாள். சும்மாதான் வைத்தாள். மேகம் பஞ்சோடு வந்துவிட்டது. அப்பா பூசியிருந்த வார்னிஷின்மேல், முயல்காரனின் மலிவுச் சாயம் ஒட்டவே இல்லை. அடியில் பழைய வானம். அதில் ஊர்ப் பெயருக்காக அப்பா போட்ட இரண்டு மெல்லிய பென்சில் கோடுகள்.

மதிப்பீட்டாளரின் கார் இன்னும் தெருமுனை தாண்டியிருக்காது.

"என்ன பண்ற உள்ள?" கூடத்திலிருந்து அண்ணன் குரல்.

"படத்தத் துடைக்கிறேண்ணா."

"மேகம் எதும் போகுதா?"

"எங்க போகுது. நல்லா ஒட்டியிருக்கு."

அப்பாவின் படுக்கைப் புண்ணுக்குப் போட்ட பவுடர் கட்டிலடியில் இருந்தது. உள்ளங்கையில் கொட்டி, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, விரலால் ஒரு மேகம் வரைந்தாள். அது அழகாக வந்துவிட்டது. அப்பாவின் மகள், வேறென்ன செய்வாள். துடைத்துவிட்டு மறுபடி வரைந்தாள். மூன்றாவது தடவைதான் மற்ற ஆறோடும் சேரும்படி கேவலமாக அமைந்தது.

அப்பாவை ஏற்றிப்போக வெளியே வண்டி வந்து நின்றது. கூடத்துக்கு வந்தாள்.

"கையெல்லாம் என்ன வெள்ளையா?" என்றாள் அண்ணி.

"பவுடர்."

"மாமாவுக்கா? போட்டு விடு. முகம் கறுத்துக் கிடக்கு."

அவள் குனிந்து, விரலில் மிச்சமிருந்த மேகத்தை அப்பாவின் கன்னத்தில் மெல்லத் தடவினாள்.