வெற்றியில் முடிகிற சாட்சிகள்

சபைப் பத்திரிகையை நடத்திவந்த டீச்சருக்கு ஒரு சட்டம் இருந்தது. சாட்சி என்றால் அது வெற்றியில் முடிய வேண்டும். வியாதி வரலாம், வேலை போகலாம், பிள்ளை கெட்டுப்போகலாம். அதெல்லாம் முதல் இரண்டு பத்தியோடு சரி. அதற்கப்புறம் கண்ணீர், அதற்கப்புறம் ஜெபம், கடைசிப் பத்தியில் கர்த்தர் இறங்கி வந்து காரியத்தை முடித்துக் கொடுத்துவிட வேண்டும். "இன்னும் வலி இருக்கிறது" என்று யாராவது எழுதிக் கொடுத்தால், டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒரே கோட்டில் அந்த வலியைக் குணமாக்கிவிடுவார். பத்தொன்பது வருடத்தில் அந்த வட்டாரத்து டாக்டர்களைவிட அதிகம் பேரைச் சுகப்படுத்தியவர் அவர்தான்.

"உன் கையில பேனா இருக்கிறவரைக்கும் உங்க சபையில ஒருத்தரும் சாக மாட்டாங்க" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். டீச்சர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். வாரம் முழுக்க உழைத்துக் களைத்து வருகிறவர்கள் வாசிக்கிற பத்திரிகை. அவர்களுக்குத் தெம்பு வேண்டாமா?

இதை வைத்து அவரை வெறும் பேனாப் பெருமைக்காரி என்று ஒதுக்கிவிட்டால் அது அநியாயம். அகதிகளை அடைத்துவைத்த தடுப்பு முகாமின் கம்பிவேலிக்கு வெளியே, கொட்டுகிற மழையில், "இவர்களும் மனிதர்கள்" என்று அட்டை பிடித்து நின்றவர்களில் முதல் ஆள் டீச்சர். சபையில் அடைக்கலக் குழு வேண்டும் என்று மூப்பர்களோடு ஒரு வருடம் மல்லுக்கட்டியதும் அவர்தான். ஞாயிறு பள்ளி நடந்த பின்கட்டு அறைகளை அகதிகளுக்குக் கொடுப்பதா என்று மூப்பர்கள் இழுத்தடித்தபோது, "வந்தவங்களுக்கு இடம் இல்லன்னா உச்சியில சிலுவை எதுக்கு பாஸ்டர், காக்கா உட்காரவா?" என்று கேட்டார். அடுத்த வாரமே அறைகள் திறந்தன.

அந்த அறைகளில் ஒன்றுக்கு ஒன்பது வயது மகளோடு வந்து சேர்ந்தவளைச் சபை முழுவதும் தையலக்கா என்றே கூப்பிட்டது. அவளுடைய புருஷன் கல்குவாரியில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் சேர்த்தவன். ஒருநாள் விடியற்காலையில் முதலாளியின் ஆட்கள் நாலு பேர் வந்து வீட்டுக்குத் தீ வைத்தார்கள். புருஷன் உள்ளேயே செத்துப்போனான். கொல்லைப்புறம் மகளோடு நின்ற தையலக்கா நாலு முகத்தையும் பார்த்தாள். அவள் பார்த்தது அவர்களுக்கும் தெரியும். போலீசில் சொன்னாள்; சொன்ன அன்று மாலையே அது முதலாளியின் காதுக்குப் போய்விட்டது. மகளைத் தூக்கிக்கொண்டு நாட்டைவிட்டு ஓடி வந்தவள், இங்கே அடைக்கல மனு போட்டு இரண்டு வருடமாகக் காத்திருந்தாள். மனு தள்ளுபடியானால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அங்கே யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை பெண்கள் கூட்டத்தில் தையலக்கா எழுந்து சாட்சி சொன்னாள். டீச்சர் குறிப்பெடுத்தார். வீட்டையும் தீயையும் பற்றிச் சொல்லிவிட்டுக் கடைசியில் அவள் சொன்னது இதுதான்: "ஜெபம் பண்ணும்போது கொஞ்ச நேரம் பயம் தெரியாது. எழுந்தா திரும்ப வந்துடும். இப்பக்கூட யாராவது கதவைத் தட்டினா மகளைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டுத்தான் போய்த் திறப்பேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். ஆனால் பத்திரிகைக்கு அது முடிவாகுமா? டீச்சர் வீட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து, நெஞ்சு நெகிழ, இப்படி முடித்தார்: "இன்றோ பயம் என்னை விட்டு ஓடிப்போயிற்று. என் கணவரைக் கொன்றவர்களை முழுமனதோடு மன்னித்துவிட்டேன். நாளைக்கே அந்த ஊருக்குப் போய் அவர்கள் முன்னால் நிற்கவும் எனக்குத் திடன் உண்டு." எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கியது. பதினோராம் பக்கத்தில் தையலக்காவின் படத்தோடு அது வந்தது.

தையலக்கா எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அரைமணி நேரம் விரலை வைத்துப் படித்துவிட்டு டீச்சரிடம் வந்தாள்.

"கடைசியில இருக்கே டீச்சர், இது நான் சொன்னேனா?"

"அது விசுவாசத்துல சொல்றதும்மா. ஆண்டவர் செய்யப்போறதை அவர் செஞ்சுட்டதாவே சொல்றது."

"அப்படியா" என்றாள் தையலக்கா. படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். பத்திரிகையைத் தலைமாட்டில் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

ஒரு வருடம் கழித்து விசாரணைக்குத் தேதி வந்தது. வக்கீலம்மா இளவயதுக்காரி, கைநிறைய வழக்குகள், மூச்சுவிட நேரமில்லாதவள். "சபை இவங்க பின்னாடி நிக்குதுன்னு காட்டுற மாதிரி என்ன இருந்தாலும் கொண்டு வாங்க" என்றாள். டீச்சரிடமா சொல்ல வேண்டும்? இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம், தையலக்கா பாடகர் குழுவுக்கு அங்கி தைக்கிற படம், மகளின் பள்ளிச் சான்றிதழ், மூன்று வருடப் பத்திரிகைகள் எல்லாவற்றையும் கட்டாகக் கட்டிக்கொண்டு போனார். தையலக்காவின் சாட்சி வந்த பதினோராம் பக்கம் தவறிவிடக் கூடாதே என்று அதில் ஒரு மஞ்சள் தாள் ஒட்டி, "முக்கியம்" என்றும் எழுதிவைத்தார். வக்கீலம்மா படத்தையும் தலைப்பையும் பார்த்தாள். அருமை என்றாள். அப்படியே மனுவோடு சேர்த்துவிட்டாள்.

விசாரணை அறை மூன்றாம் மாடியில் இருந்தது. நீள மேஜை, தண்ணீர்க் குவளைகள், திறக்க முடியாத ஜன்னல். அதிகாரி சத்தம் போடுகிறவர் இல்லை. பல் டாக்டர் மாதிரி மெதுவாகப் பேசினார். தையலக்கா திணறித் திணறி எல்லாவற்றையும் சொன்னாள். கதவு, மகள், கட்டில் வரை சொன்னாள். அவர் குறித்துக்கொண்டார். பிறகு கட்டைத் திறந்து, மஞ்சள் தாள் ஒட்டிய இடத்தைப் பிரித்தார். டீச்சர் பின்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதிகாரி நல்ல இடத்துக்கு வந்துவிட்டார் என்றே அந்த நிமிடத்திலும் நினைத்தார். அதைப் பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே காறித் துப்ப வேண்டும்போல இருக்கும்.

அதிகாரி கடைசி மூன்று வரிகளை நிதானமாக வாசித்தார். "திடன் உண்டு" வரை வாசித்தார்.

"இது உங்க சாட்சிதானே?"

"ஆமாங்க."

"நாளைக்கே போய் நிக்கத் திடன் இருக்குன்னு நீங்களே சொன்னீங்களா?"

தையலக்கா திரும்பி டீச்சரைப் பார்த்தாள். மூன்று வருடம் தலைக்கு மேல் கூரை கொடுத்தவர். மகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் கூடவே உட்கார்ந்தவர். இவ்வளவு பேர் முன்னால் அவரைப் பொய்யர் ஆக்குவதா? அவள் மறுபடி அதிகாரியிடம் திரும்பினாள்.

"நான் சொன்னதுதாங்க" என்றாள்.

இடைவேளை விட்டார்கள். தாழ்வாரத்தில் வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்திருந்தாள். டீச்சர் நேராக, கூட வந்திருந்த பாஸ்டரிடம் போனார்.

"அந்த மூணு வரியும் நான் எழுதினது பாஸ்டர். அவ சொல்லவே இல்ல. உள்ள போய்ச் சொல்லிடறேன்."

பாஸ்டர் அவரைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஒதுக்கிக் கூட்டிக்கொண்டு போனார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடமே. "கொஞ்சம் யோசிங்க டீச்சர். இன்னும் நாலு குடும்பத்தோட மனு இதே ஆபீஸ்ல கிடக்கு. எல்லாத்துக்கும் நம்ம சபைக் கடிதந்தான் ஆதாரம். நம்ம பத்திரிகையில சாட்சியை மாத்தி எழுதுவோம்னு நாமளே சொன்னா, அப்புறம் நம்ம பேச்சை எவன் நம்புவான்? இவங்களுக்காக ஜெபிப்போம். ஆண்டவர் வழி திறப்பார்."

"ஆண்டவரை இதுல இழுக்காதீங்க. இது என் கையெழுத்து" என்றார் டீச்சர்.

உள்ளே போய் எழுந்து நின்று சொன்னார். முப்பது வருடம் வகுப்பெடுத்த குரல், அன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி தடுமாறியது. அவள் சொன்னது இது, நான் எழுதியது இது, பயம் போகவில்லை, ஒருநாளும் போகவில்லை என்றார். அதிகாரி இடையில் குறுக்கிடவே இல்லை. கடைசியில் ஒரு சந்தேகம் கேட்டார்.

"இந்த இருநூறு பேர் கையெழுத்துப் போட்ட கடிதம், இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

"இவங்க குடும்பத்துக்கு நடந்ததை விவரிச்சு ஒரு வாக்குமூலம் இருக்கே, மொத மனுவோட. அதை எழுதிக் கொடுத்தது?"

"அவ சொல்லச் சொல்ல... நான் எழுதினேன்."

"அதுலயும் ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்ல! அது ஒரு எழுத்துகூட மாறல. சத்தியமா இல்ல."

அதிகாரி தலையசைத்தார். கிண்டலாகக்கூட அசைக்கவில்லை. அவர் அதைக் குறித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினார்.

மூன்றாவது வாரம் தீர்ப்பு வந்தது. பத்திரிகையில் வந்தது தன் சொந்தச் சொல்தான் என்று மனுதாரரே உறுதி செய்திருக்கிறார். அது உண்மையானால், திரும்பிப் போக அவருக்கு அச்சம் இல்லை. அது மனுதாரரின் சொல்லல்ல, தானே எழுதியது என்று சபையின் சாட்சியோ சொல்கிறார். அப்படியானால் மனுதாரர் விசாரணையில் உண்மை சொல்லவில்லை, சபை தயாரித்த எந்தத் தாளையும் நம்ப முடியாது. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். பதினான்கு நாளில் நாட்டைவிட்டுப் போக வேண்டும். இன்னும் இருபது பேருக்காவது மேல்முறையீடு செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்த வக்கீலம்மா, இதில் ஒன்றும் செய்வதற்கில்லை என்று போனிலேயே அழுதாள்.

மற்ற நாலு குடும்பங்களும் அதற்குப் பிறகு டீச்சரைக் கண்டால் எதிர்ப்பக்கமாகப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் மேடையில் நின்று, "நம்ம சகோதரியைக் கர்த்தர் ஒரு புதிய பாதையில நடத்திக்கிட்டுப் போறார்" என்று அறிவித்தார். சபை ஸ்தோத்திரம் சொல்லியது. டீச்சர் எழுந்து வெளியே போய்விட்டார். மனிதர் செய்த தவறுக்கெல்லாம் பாதை என்று பெயர் வைத்துக் கடவுள் தலையில் கட்டுகிற இந்தப் பாஷையை இவர்களுக்குப் பழக்கியதே தன்னுடைய பத்திரிகைதானே என்ற எண்ணம் அவரைப் பிடுங்கித் தின்றது.

கிளம்புவதற்கு நாலு நாள் முன்னால், மதியம், தையலக்கா ஆள் அனுப்பிக் கூப்பிட்டாள். டீச்சர் பயந்துகொண்டேதான் போனார். திட்டினால் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார். காலில் விழவும் தயாராக இருந்தார்.

தையலக்கா மெஷினில் உட்கார்ந்து பாடகர் குழுவின் கடைசி அங்கிக்கு விளிம்பு மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். "இது ஒண்ணுதான் பாக்கி, விட்டுட்டுப் போனா நல்லா இருக்காது" என்றாள். நூலை வெட்டிவிட்டுப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள்.

"ஒரு லெட்டர் எழுதணும் டீச்சர். குவாரி முதலாளிக்கு."

"அவனுக்கா? அவனுக்கு என்னம்மா லெட்டர்?"

"நாங்க வர்றது எப்படியும் தெரிஞ்சிடும். அதுக்கு முன்னாடி இது போய்ச் சேரணும். அன்னைக்கு நான் வீட்டுலயே இல்லன்னு எழுதுங்க. ஒருத்தரையும் பாக்கலன்னு எழுதுங்க. போலீஸ்ல சொன்னது யாரோ சொல்லிக் கொடுத்துச் சொன்னதுன்னு எழுதுங்க."

"மூணு வருஷமா நாலு முகமும் தெரியும்னு சொல்லிக்கிட்டு இருந்தியேம்மா. அதுக்காகத்தானே இவ்வளவும்..."

"தெரியும் டீச்சர். இப்பவும் தெரியும். அதனாலதான் எழுதணும்."

தையலக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டாள். "எனக்குக் கை கோணல். நான் எழுதினா நடுங்கி எழுதினது தெரிஞ்சிடும். நீங்க எழுதினா பயமே இல்லாத ஆள் எழுதின மாதிரி இருக்கும். அவங்க நம்பணும்."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. ஒரு துளி குத்தல் இருந்திருந்தால்கூட டீச்சர் அழுது தீர்த்திருப்பார். வேலை தெரிந்த ஆளிடம் வேலையைக் கொடுக்கிறவளுடைய குரல்தான் அது. டீச்சர் உட்கார்ந்தார். எழுதினார். எவ்வளவு அழகாக வந்தது! பணிவு இருந்தது, கெஞ்சல் இல்லை. உறவு கொண்டாடுகிற தொனி இருந்தது, சந்தேகப்பட ஒன்றும் இல்லை. அவர் வாழ்க்கையில் அதைவிட நன்றாக ஒன்றும் எழுதியதில்லை.

"படிங்க" என்றாள் தையலக்கா.

டீச்சர் படித்தார். நடந்ததெல்லாம் கெட்ட காலம் என்றது கடிதம். பிழைக்க வழி தேடி வருகிறேன் என்றது. யார்மேலும் எனக்கு மனத்தாங்கல் இல்லை, எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று முடிந்தது.

"அந்தக் கடைசி வேணாம் டீச்சர்."

"ஏம்மா?"

"மன்னிச்சேன்னு சொன்னா, பாத்தேன்னு ஆயிடும்."

டீச்சர் அந்த வரியை அடித்தார். அடித்த வரி தெரிந்தால் அதுவும் ஆபத்து என்று தையலக்கா சொன்னாள். டீச்சர் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதுத் தாளில் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தார்.