உபரி டீச்சர்

பள்ளிக்கூடம் திறந்த வாரமே அஞ்சலாட்சி வந்து நின்றாள். மீன் கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளையும் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்தாள். கடலூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷனின் அடி தாங்காமல், புதுச்சேரிக்குத் தெற்கே இருந்த இந்தத் தாய்வீட்டுக் குப்பத்துக்கே திரும்பியிருந்தாள்.

"ரெண்டையும் சேத்துக்கோங்க டீச்சர்."

தலைமையாசிரியை மேனகா பழைய பள்ளியின் டி.சி. கேட்டாள்.

"அதுக்கு அங்க போவணுமே. போனா என்னை உயிரோட வுட மாட்டான்."

"டி.சி. இல்லாம சேத்தா நாளைக்கு ஆபீஸ்ல என்னைத்தாம்மா கேப்பாங்க. எப்படியாவது வாங்கிட்டு வா."

அஞ்சலாட்சி கூடையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு திரும்பிப் போனாள்.

பக்கத்து வகுப்பிலிருந்து தேவிப்பிரியா வந்தாள். மேனகாவை விட்டால் அந்தப் பள்ளியில் இருந்த ஒரே டீச்சர் அவள்தான். "டி.சி. இல்லாமலே சேக்கலாம் மேடம், சட்டத்துலயே இருக்கு. அப்புறமா நாமளே எழுதி வாங்கிக்கலாம்."

மேனகாவுக்கும் அது தெரியும். ஆனால் இத்தனை வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவள் என்ற பெருமை அவளுக்கு உண்டு. "எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டாள்.

மழைக்காலத்துக்கு முன்னால் உத்தரவு வந்தது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்த தொடக்கப் பள்ளிக்கு ஒரு டீச்சர் போதுமாம், இன்னொருவர் உபரி. மேனகாவின் பள்ளியில் பத்தொன்பது பேர். இருவரில் இளையவள் என்பதால் தேவிப்பிரியாவை, நாலு மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்த காரைக்காலுக்குப் போட்டிருந்தார்கள். அவள் மகன் அபிக்கு இன்னும் மூன்று வயதாகவில்லை. கணவனுக்குப் புதுச்சேரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை.

அன்று சாயங்காலமே மேனகா அஞ்சலாட்சி வீட்டைத் தேடிப் போனாள். பிள்ளைகள் இரண்டும் எந்தப் பள்ளிக்கும் போகாமல், அம்மாவோடு உட்கார்ந்து கருவாட்டைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தன.

"டி.சி. கிடைக்கல டீச்சர்" என்று பயந்துபோய் எழுந்தாள் அஞ்சலாட்சி.

"வேணாம்மா. நாளைக்கே அனுப்பு."

மறுநாள் பிள்ளைகளைச் சேர்த்துவிட்டு, மேனகா பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் அதிகாரி சுப்ரமணியைப் பார்த்தாள். இப்போது இருபத்தொரு பிள்ளைகள் என்று அவள் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கணக்கெடுத்த தேதி தாண்டிடுச்சே மேடம். இனிமே அடுத்த வருஷக் கணக்குதான்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணு பண்ணலாம். அவங்களுக்குப் பதிலா நீங்க காரைக்கால் போறேன்னு எழுதிக் கொடுத்தீங்கன்னா, அவங்க இங்கயே இருக்கலாம்."

மேனகாவின் கணவர் இராமதாஸ் பென்ஷன் வாங்குகிறவர். மகன் வேலைக்குப் போய்விட்டான். அவளைக் கட்டிப்போட வீட்டில் ஒன்றும் இல்லை. புதுச்சேரி டவுனில், குருசுக்குப்பத்தில் சொந்த வீடு, பழகின பஸ், பழகின சாப்பாடு, அவ்வளவுதான்.

"வீட்டுல கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

வீட்டில் அவள் கேட்கவே இல்லை.

தேவிப்பிரியா போன பிறகு ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள் வந்தன. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் ஐந்தாம் வகுப்பு சண்டை போட்டது. மேனகா கூட்டத்துக்குப் போகும் நாளில் பள்ளிக்குப் பூட்டுதான். அஞ்சலாட்சியின் மூத்த பெண் சுமலதா மட்டும், இத்தனை நாள் விட்டதையெல்லாம் பிடிக்கிறவள் போல, எந்த இரைச்சலிலும் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பாள்.

அடுத்த வருஷம் எண்ணிக்கை தேறியது. இரண்டாவது டீச்சரும் வந்தார், ஆனால் புதியவர். தேவிப்பிரியாவைக் காரைக்காலிலிருந்து உடனே திருப்பி அனுப்ப விதியில்லையாம்.

மேனகா அவளுக்கு போன் செய்தாள். இந்த ஒரு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"நல்லா இருக்கேன் மேடம். இங்கயே ரூம் எடுத்துத் தங்கியிருக்கேன். சனிக்கிழமை சனிக்கிழமை ஊருக்கு வந்துடுவேன்."

"அபி எப்படி இருக்கான்?"

"எங்க அம்மாகிட்டதான் வளர்றான். நான் தூக்கினா அழுவுறான் மேடம். ஞாயித்துக்கிழமைதான் கொஞ்சம் ஒட்டுறான், அதுக்குள்ள நான் கெளம்பிடுறேன்."

"தேவி, நான் அன்னைக்கி..."

"சுப்ரமணி சார் அப்பவே சொன்னாரு மேடம். விடுங்க. உங்க எடத்துல நானா இருந்தாலும் போயிருக்க மாட்டேன்."

தேவிப்பிரியாவாக இருந்தால் போயிருப்பாள். அது மேனகாவுக்கு நன்றாகத் தெரியும். "உடம்பைப் பாத்துக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். அங்கே மணி அடித்தது போலிருக்கிறது. "கிளாஸ் இருக்கு மேடம்" என்று தேவிப்பிரியா போனை வைத்துவிட்டாள்.