ஒரே நம்பர் போட்ட நோட்டுக் கட்டு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். ஹிலாரியா தன் கடையை விற்கக் கிளம்பிய அலசிட்டாஸ் திருநாளின் கதையைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் பதறுவீர்கள். முடியும்போது சிரித்துக்கொண்டுதான் எழுந்து போவீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

பொலிவியாவின் லா பாஸ் நகரில், எங்கள் வரிசையில் அவள் கடையும் என் கடையும் ஒட்டியபடி இருக்கும். நான் விற்பது எக்கெக்கோ பொம்மை. மீசையும் தொப்பையுமாக, உடம்பெல்லாம் மூட்டை முடிச்சைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரிப்பாரே, அந்தச் செல்வச் சாமி. ஹிலாரியா விற்பது பணம். விரல் நீளத்துக்கு அச்சடித்த டாலர், யூரோ, எங்கள் ஊர்ப் பொலிவியானோ, எல்லாம் கட்டுக் கட்டாக. ஜனவரி இருபத்து நாலாம் தேதி உச்சிப்பொழுதில், நமக்கு எது வேண்டுமோ அதைச் சின்ன உருவில் வாங்க வேண்டும். வீடு, லாரி, கல்யாண ஜோடி, எதுவானாலும் சரி. பூசாரி யாட்டிரியிடம் சாம்பிராணிப் புகை காட்டி வீட்டில் வைத்தால், வருஷத்துக்குள் அது பெரிய உருவில் வந்து சேரும். அதுவரை அதைத் தொடக்கூடாது. சோதித்துப் பார்க்கக் கூடாது. நம்பிக் காத்திருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது.

அவள் புருஷன் சுரங்க விபத்தில் போய்ச் சேர்ந்தான். அதற்கு வந்த நஷ்டஈடு பெட்டியில் கிடந்த சமயத்தில், அவளை யாரோ ஒரு போன் குழுவில் சேர்த்துவிட்டார்கள். கிரிப்டோ என்று காசு போட்டால் காசு குட்டி போடுமாம். குழுவை நடத்தியவனை எல்லாரும் ‘பாதிரினோ’ என்றார்கள், ஞானத்தந்தை என்று. எங்களுக்கு எதற்கெடுத்தாலும் ஒரு ஞானத்தந்தை உண்டு. கல்யாண கேக் செலவை ஏற்க ஒருவர், பேண்டு வாத்தியச் செலவை ஏற்க ஒருவர். கிரிப்டோவுக்கும் ஒருவர் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று இவள் நினைத்தாள்.

நஷ்டஈடு முழுவதையும் அதில் போட்டாள். போனில் எண் ஏறியது. முந்தின வருஷத்து அலசிட்டாஸ் அன்று அந்தப் போனையே சாம்பிராணிப் புகையில் காட்டினாள். யாட்டிரி இருமிக்கொண்டே திரையில் பூ தூவி, பீர் தெளித்து வாழ்த்தினார். அப்புறம் அவள் அதைத் தொடவே இல்லை. பழுக்கப் போட்ட காயை யாராவது அமுக்கிப் பார்ப்பார்களா? திருடர்களுக்கு இப்படிப்பட்ட பொறுமைசாலி எங்கே கிடைப்பாள்!

மழைக்கு முன் கூரை மாற்ற வேண்டும் என்று பணத்தை எடுக்கப் போனபோதுதான், முதலில் வரி கட்டு என்றார்கள். கட்டினாள். மறுநாள் குழுவும் இல்லை, எண்ணும் இல்லை, ஞானத்தந்தையும் இல்லை.

வெட்கத்தில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. அந்த மௌனத்துக்குள்தான் இரண்டாவது ஆள் நுழைந்தான். வக்கீலாம். எங்கள் ஊரில் வக்கீலையும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர் ரெங்கிஃபோ. “மாமிட்டா, அந்தத் திருடங்களைப் புடிச்சாச்சு. உங்க பணம் முழுசா என் கையில பத்திரமா இருக்கு. விடுவிக்கிற பீஸ் மட்டும் கட்டிட்டா போதும்” என்று பெற்ற தாயை அழைப்பதுபோலத் தேன் ஒழுகப் பேசினான். அவள் பெயர் தெரியும், போன தொகை சல்லிக்காசு பிசகாமல் தெரியும். இவ்வளவு தெரிந்தவர் பொய் சொல்வாரா என்று அவள் நம்பினாள். ஏமாந்தவர்களின் பெயர்களை விற்பதும் அதே திருடர்கள்தான் என்று போலீஸ்காரி ஒருத்தி சொல்லித்தான் பின்னால் எங்களுக்குத் தெரிந்தது.

பீஸ் கட்ட ஹிலாரியாவிடம் இருந்தது அந்தக் கடை ஒன்றுதான். அதை எதிர் வரிசை நெமேசியாவுக்குப் பேசிவிட்டாள். திருநாளன்று காலை சூடான ஆப்பிக் கஞ்சியைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

“கோமாத்ரே, மத்தியானம் மணி அடிச்சதும் நெமேசியாகிட்ட சாவியைக் குடுத்துடுவேன்.”

என் மகளுக்கு அவள் ஞானத்தாய். அதனால் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றுதான் அழைத்துக்கொள்வோம்.

“எந்தச் சாவியைடி?”

“கடைச் சாவிதான்.”

“காலங்காத்தாலயே குடிச்சிருக்கியா? கடையைக் குடுத்துட்டு எங்க உக்காருவ, என் எக்கெக்கோ மடியிலயா?”

அப்போதுதான் எல்லாவற்றையும் கொட்டினாள். என் கையிலிருந்த ஆப்பி ஆறிப்போயிற்று. சொல்லச் சொல்ல அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. “பணம் வந்ததும் இதைவிடப் பெரிய கடையாப் புடிப்பேன், பாரு” என்றாள். நான் என்ன சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை.

உச்சிப்பொழுது நெருங்கியது. மழை தூறித் தூறி விட்டது. நெமேசியா வட்டத் தொப்பியைச் சரித்து வைத்துக்கொண்டு, பணத்தை மேலங்கிக்குள் செருகிக்கொண்டு வந்து நின்றாள். எதையும் பேரம் பேசாமல் வாங்க மாட்டாள். சொந்தக் கல்யாணத்திலேயே பாதிரியாரிடம் காணிக்கையைக் குறைக்கச் சொன்னவள்.

“நல்ல இடத்தை விடுறியே காசெரா, எதுக்கு?” என்று, சந்தைக்காரிகள் கூப்பிட்டுக்கொள்ளும் முறையில் கேட்டாள். ஹிலாரியா சொல்லிவிட்டாள். கடையைக் கைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம் நெமேசியா. ஆனால் கணக்கு உதைத்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

“இரு இரு. உன் பணம் அந்தாள் கையிலயே இருக்குதுங்கிற?”

“முழுசா இருக்குதாம்.”

“அப்ப அதுலயே பீஸைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைக் குடுக்க வேண்டியதுதானே? இதுக்கு எதுக்குடி கடை?”

ஹிலாரியா உடனே போனை எடுத்து டாக்டரைக் கூப்பிட்டாள். எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தாள்.

“டாக்டர், உங்க பீஸை என் பணத்துலயே கழிச்சுக்குங்க.”

“அது முடியாது மாமிட்டா. சட்டத்துல இடமில்லை.”

“பாதியை வேணா வச்சுக்குங்களேன்.”

“சிஸ்டம் ஏத்துக்காது.”

“முக்கால்வாசி?” என்று பக்கத்திலிருந்து நெமேசியா கத்தினாள். பேரம் என்று வந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது.

அந்தப் பக்கம் குரலிலிருந்த தேன் வற்றியது. “யாரும்மா அது? நான் உங்களுக்காக ராத்திரி பகலா அலையறேன், நீங்க சந்தைக்கடை மாதிரி பேரம் பேசறீங்க. இருங்க, போட்டோ அனுப்பறேன். உங்க பணம் என் மேஜைமேல இருக்கறதை உங்க கண்ணாலயே பாருங்க. மத்தியானத்துக்குள்ள கட்டலேன்னா கோர்ட்டுக்குத் திரும்பப் போயிடும்.”

படம் வந்தது. மேஜைமேல் டாலர், நாலு கட்டு. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரோஜா நிறக் காகிதப் பட்டை.  பணம் நிஜமாகவே இருக்கிறதே, தேவையில்லாமல் இவளைத் தடுத்துவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஹிலாரியா படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். கண்ணைச் சுருக்கினாள். தன் கடையிலிருந்து ஒரு கட்டை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்து நான் கையை நீட்டினேன். அழவில்லை. வருஷம் முழுக்க நான் கேட்காத அந்தச் சிரிப்பு, தொப்பி நழுவி விழும் சிரிப்பு.

“நம்பரைப் பாரு கோமாத்ரே, நாலு கட்டுலயும் ஒரே நம்பர்! நிஜ நோட்டு ரெண்டுக்கு ஒரே நம்பர் இருக்குமா? எங்க அச்சுக்காரர் ஒரே தகட்டுல அடிக்கிறது. பட்டையைப் பாரு, நான் கோணலா ஒட்டறேனே, அதே பட்டை!”

பக்கத்தில் ஒரு கை இல்லாமல், டம்ளர் இல்லாமல் படம் எடுத்துவிட்டால் விரல் நீள நோட்டு எவ்வளவு பெரியது என்று யாருக்குத் தெரியும்?

அவள் போனில் பேசினாள். சந்தையில் கூவும் அவளுடைய பழைய குரல் வந்துவிட்டது. “டாக்டர், என் கடையில இந்தக் கட்டு ரெண்டு பொலிவியானோ. மூணு எடுத்தா ஒண்ணு கொசுறு. நாலா வச்சிருக்கீங்களே, கொசுறோட வாங்கினீங்களா? நாந்தான் வித்தேனா?”

வரிசை முழுக்கச் சிரித்தது. அவன் ஏதோ கத்தினான். அதற்குள் உச்சிப்பொழுது மணி அடித்துவிட்டது, எதுவும் காதில் விழவில்லை. ஜனங்கள் முண்டியடித்துக்கொண்டு கடைகளுக்கு ஓடி வந்தார்கள்.

“அப்ப என் கடை?” என்றாள் நெமேசியா.

“உன் கடை எதிர்ல இருக்கு, போய் வியாபாரத்தைப் பாரு.”

“யோசனை சொன்னதுக்குக் கூலி?”

“கழிச்சுக்கோ!” என்று சொல்லி, ஒரு கட்டு டாலரை அவள் தொப்பிமேல் வைத்தாள் ஹிலாரியா.

மறுநாள் மூன்று பேருமாகப் போலீசுக்குப் போனோம். போன் பேச்சு, படம், பீஸ் அனுப்பச் சொன்ன வங்கிக் கணக்கு எல்லாம் போனில் அழியாமல் இருந்தன. அந்தக் கணக்கு உள்ளூர்க் கணக்கு. அதை முடக்கினார்கள். முதலில் கட்டிய வரியும் அதற்குள்தான் போயிருந்தது. அதில் மிஞ்சியிருந்ததை மாதக்கணக்கில் அலைந்து வாங்கினாள், கூரை போடும் அளவுக்கு. நஷ்டஈட்டுப் பணம் திரும்பவில்லை. திருப்பித் தருகிறேன் என்று கூப்பிடுகிறவர்களின் போனை அவள் இப்போது எடுப்பதும் இல்லை. வெட்கத்தையும் விட்டுவிட்டாள். நோட்டு வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் தன் கதையைச் சொல்லித்தான் அனுப்புகிறாள். அதைக் கேட்டு, “எனக்கும் ஒரு டாக்டர் பேசறாரே” என்று முகம் வெளுத்தவர்கள் எத்தனையோ பேர்.

அடுத்த அலசிட்டாஸுக்கு அவள் கடையில் புதுச் சரக்கு வந்தது. அட்டையில் செய்த குட்டிப் போன். திரையில் ஒரே ஒரு சொல்: கழிச்சுக்கோ. யாட்டிரி அதற்கும் இருமிக்கொண்டே புகை போட்டார். உச்சிப்பொழுது தாண்டுவதற்குள் அத்தனையும் விற்றுப்போயிற்று. நெமேசியா பேரம் பேசி இரண்டு வாங்கினாள், கொசுறு ஒன்று.

உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும் கண்ணுகளா. கூரை ஒழுகாமல் இருக்கட்டும். உங்கள் வாசலுக்கு வரும் பணம் ஒவ்வொரு நோட்டிலும் வேறு வேறு நம்பரோடு வரட்டும். ஏதாவது கைவிட்டுப் போனாலும், அதை வாய்விட்டுச் சொல்ல உங்கள் பக்கத்துக் கடையில் எப்போதும் ஒருத்தி உட்கார்ந்திருக்கட்டும்.