எதிர்க்கரையில் வெள்ளையாக ஒன்று

வேனின் ஹாரன் மூன்றாவது முறை அலறியபோது ஏரியிலிருந்த மீன்களில் பாதி மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வேறு ஏரிக்குக் குடிபோயிருக்கும். நடத்துநரம்மா மட்டும் அசையவில்லை. தண்ணீரோரம் குந்தி, காலையில் முட்டை பொரித்த வாணலியை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது எப்போதோ சுத்தமாகிவிட்ட வாணலி. இன்னும் நான்கு தேய் தேய்த்தால் அடி பிய்ந்து சல்லடையாகிவிடும்.

"வண்டி கிளம்புமா, இல்ல டிப்போவுக்குத் திருப்பிரட்டுமா?" என்று ஓட்டுநர் இருக்கையிலிருந்து கணவரின் குரல் வந்தது.

"பயணிகள் இன்னும் ஏறல டிரைவர் சார். சும்மா உக்காருங்க."

அவர் பேருந்து ஓட்டியவர். அவள் அதே பேருந்தில் தோளில் பையும் வாயில் விசிலுமாக நின்றவள். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. இவர்களின் காதல், கல்யாணம், பிள்ளைப்பேறு எல்லாமே அந்த இரண்டு விசிலில் முடிந்த விவகாரம் என்று மகன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு பழைய பள்ளி வேனை வாங்கினார்கள். பின்பக்க இருக்கைகளைக் கழற்றி மடக்குக் கட்டிலைப் போட்டு, கோடை வந்தால் கூடாரத்தோடு கிளம்பிவிடுவார்கள். சட்டம் மட்டும் பழைய சட்டம்தான். பின்கதவோரம் அவள் உட்கார்ந்து, தலைகளை எண்ணி, இரண்டு விசில் கொடுக்காமல் பூமி பிளந்தாலும் அவர் வண்டியை நகர்த்த மாட்டார்.

ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் அவள் கழிவறைக்குப் போனபோது விசிலும் கூடவே போய்விட்டது. தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டது. பின்னால் நின்ற வண்டிகளின் வரிசை அடுத்த நாட்டு எல்லையைத் தொட்டு, இரண்டு மந்திரிசபைகள் கவிழ்ந்ததாகக் கேள்வி. போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டியதற்கு, இவர் அமைதியாக, "கண்டக்டர் விசில் வரலியே சார்," என்றாராம்.

இந்த ஏரிக்கு வந்த முதல் வருடமே சண்டை ஆரம்பமாகிவிட்டது. எதிர்க்கரையில் வெள்ளையாக ஒன்று தெரிந்தது. கவிழ்த்துப் போட்ட படகு என்றார் அவர். பாறை என்றாள் அவள். விடிய விடிய வாதாடினார்கள். கடைசியில் ஒரு பந்தயம் வைத்தார்கள். தோற்றவர் எல்லோர் முன்னிலையிலும் 'நீங்க சொன்னதுதான் சரி' என்று சொல்ல வேண்டும். அந்த வாக்கியம் அந்த வீட்டில் இரு தரப்பிலும் ஒருமுறைகூடச் சொல்லப்பட்டதில்லை. சொன்னால் சுவர்கள் விரிசல் விட்டிருக்கும்.

ஏரியைச் சுற்றிப் போய்ப் பார்ப்பதற்கென்றே ஒவ்வொரு பயணத்திலும் கடைசி முழு நாளை ஒதுக்கி வைப்பார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது வந்து மறிக்கும். மழை வரும், டயர் பஞ்சராகும், துணி காயாது, சமையல் முடியாது. "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்," என்று அவள்தான் சொல்வாள். உருளைக்கிழங்குத் தோலை அவள் வேண்டுமென்றேதான் மெதுவாகச் சீவினாள் என்பது யாருக்கும் தெரியாது. படகா பாறையா என்பது தெரிந்துவிட்டால் வருடம் முழுக்க எதை வைத்துச் சண்டை போடுவது? குளிர்கால ராத்திரிகளில், விளக்கை அணைத்த பிறகு, இருட்டிலிருந்து "படகுதான்" என்று ஒரு குரல் வரும். "பாறை" என்பாள். பிறகுதான் இருவருக்கும் தூக்கம் வரும்.

இந்த வருடம் அவர் மருத்துவமனையிலிருந்து ஒரு டப்பா மாத்திரையோடு வீடு திரும்பியிருந்தார். ஏரிக்கு வந்த முதல் சாயங்காலமே, "இந்தத் தடவ போயே ஆகணும்," என்றார். போவதில் ஒன்றுமில்லை. அந்த 'இந்தத் தடவ'தான் அவளுக்குப் பிடிக்கவில்லை. இன்றுதான் அந்தக் கடைசி நாள்.

நான்காவது ஹாரன் வரவில்லை. முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தாள். அவர் கோபத்துக்கும் கொஞ்சம் நேரம் கொடுக்கலாம் என்று வாணலியை அலசி, முன்னும் பின்னும் துடைத்து, முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி தூக்கிப் பார்த்துவிட்டு வந்து ஏறினாள். மகன் ஏற்கெனவே உள்ளே மடங்கி உட்கார்ந்திருந்தான். லிஃப்ட் பழுது பார்க்கிறவன். லிஃப்ட் இல்லாமலே மூன்றாம் மாடியை எட்டிவிடுகிற உயரம். ஆனாலும் வீட்டில் அவன் பெயர் இன்னும் 'அரை டிக்கெட்'தான். பக்கத்தில் மருமகள். நர்ஸ் வேலை பார்க்கிறவள். இந்தக் குடும்பத்தோடு அவளுக்கு இது முதல் பயணம்.

நடத்துநரம்மா தலைகளை எண்ணினாள். நாலு பேர். விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினாள்.

வண்டி நகரவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய கை கியரின்மேல் இருந்தது.

மறுபடியும் இரண்டு முறை ஊதினாள். அவள் சொன்ன மற்ற எதையும் அவர் ஆயுளில் கேட்டதில்லை. விசிலை மட்டும் ஒருநாளும் தட்டியதில்லை.

இருக்கையைத் தாண்டிக் குதித்து முதலில் ஓடியது மருமகள்தான். மூவருமாக அவரை இறக்கிப் புல்லில் கிடத்தினார்கள். கொண்டை அவிழ்ந்து முகத்தில் விழ, மருமகள் அவர் மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். மகன் போனைத் தூக்கிப் பிடித்தபடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஓடினான். எங்குமே சிக்னல் கிடைக்கவில்லை. வெகுநேரம் கழித்து மருமகள் குதிகாலில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அத்தை," என்றாள். அவர் சட்டையைச் சரிசெய்துவிட்டாள்.

நடத்துநரம்மா அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தன் உடுப்பின் முனையால் துடைத்து, அவர் சட்டைப்பையிலேயே வைத்தாள். வேறெங்கே வைத்தாலும் தேடுவார்.

பிறகு எழுந்துபோய்க் கூடாரத்தின் முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். மகன் தடுக்க வந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த முளைக்குப் போய்க் குனிந்தான். அவரை மடக்குக் கட்டிலில் படுக்க வைத்துக் கம்பளியால் கழுத்துவரை போர்த்தினார்கள். கால் பக்கம், பின்கதவோரம், தன் இடத்தில் அவள் உட்கார்ந்துகொண்டாள். மகன் அப்பாவின் இருக்கையில் ஏறி, முழங்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்து, சாவியைத் திருப்பினான்.

என்ஜின் ஓடியது. வண்டி நின்றது. மருமகள் கணவனைப் பார்த்தாள், மாமியாரைப் பார்த்தாள்.

"ஏன் நிக்கிறோம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"விசில் வரல," என்றான் மகன். குரல் அவனுடையதாகவே இல்லை.

அப்போதுதான் நடத்துநரம்மாவுக்கும் உறைத்தது. இவ்வளவு நேரமும் வண்டி ஏன் கிளம்பவில்லை என்று அவளும்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். தலைகளை எண்ணினாள். நாலு பேர். கணக்கு சரியாகத்தான் வந்தது.

"எதிர்க்கரை வழியா போ," என்றாள்.

"அம்மா, மெயின் ரோட்டுல போனா ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போயிரலாம். அந்த ரோடு ஒரே குண்டும் குழியும். அப்பாவ வச்சுக்கிட்டு…"

"அத்தை சொல்ற வழியிலயே போங்க," என்றாள் மருமகள். "இனிமே சீக்கிரம் போயி என்ன ஆகப்போகுது."

இரண்டு விசில். வண்டி நகர்ந்தது.

குழிகள் ஒவ்வொன்றும் யானை படுத்து எழுந்த அளவுக்கு இருந்தன. அவள் அவருடைய இரு பாதங்களையும் மடியில் எடுத்து வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மேட்டில் ஏறும்போது கியர் கரகரவென்று முனகியது.

"கிளட்ச்ச முழுசா மிதிடா, அரை டிக்கெட்டு," என்றாள். சொன்ன பிறகுதான் அது யாருடைய வாக்கியம் என்று மூவருக்கும் தெரிந்தது. மகன் கிளட்சை முழுசாக மிதித்தான்.

ஏரி திரும்பிய இடத்தில் அவள் ஒற்றை விசில் கொடுத்தாள். வண்டி நின்றது. இறங்கிப் புதருக்குள் நடந்தாள்.

பாறைதான். ஒரு படகு கவிழ்ந்து கிடப்பதுபோல முதுகு வளைந்த பாறை. பறவைகள் தலைமுறை தலைமுறையாக எச்சமிட்டு வெள்ளையடித்து வைத்திருந்தன. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயிலில் சூடேறிக் கிடந்தது.

திரும்பி, தாங்கள் இருந்த கரையைப் பார்த்தாள். கூடாரம் இருந்த இடத்தில் புல் சதுரமாக அமுங்கிக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக ஒன்று தனியே நின்றது. எல்லாவற்றையும் கட்டியவர்கள் அவருடைய மடக்கு நாற்காலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவளுக்குத் தெரிந்ததால் அது நாற்காலி. இல்லாவிட்டால், அது நாற்காலியா கன்றுக்குட்டியா என்று இங்கே நின்று ஒரு பத்து வருடம் சண்டை போடலாம்.

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பக்கத்திலிருந்து குரல் ஏதும் வரவில்லை.

வேனுக்குத் திரும்பி ஏறினாள். கம்பளி நழுவி வெளியே தெரிந்த பாதங்களைத் திரும்பப் போர்த்திவிட்டாள். முன்கண்ணாடி வழியே பாறை மொத்தமும் மகனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அவன் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"படகுதான்," என்றாள், கட்டிலின் பக்கம் குனிந்து. பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "நீங்க சொன்னதுதான் சரி."

மகன் சாவியைத் திருப்பி, கையைக் கியரில் வைத்தான்.

அவள் விசிலைத் துடைத்து உதட்டில் வைத்தாள். ஒரு விசில் வந்தது. என்ஜின் நடுங்கிக்கொண்டே நின்றது. மகன் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தபடி அடுத்த விசிலுக்காகக் காத்திருந்தான்.