அடக்க விலை தெரியாத எட்டாம் வகுப்பு

வட்டார ஆய்வுக் கூட்டத்தில் போன வருடத்து அடைவுத் தேர்வு மதிப்பெண்களைத் திரையில் காட்டினார்கள். கணக்கில் கடைசி இடம் பிரவீனாவின் பள்ளிக்கு. ஓசூரை அடுத்த ஜூஜுவாடிப் பக்கம், கம்பெனிகளை ஒட்டி இருந்த நடுநிலைப் பள்ளி அது. பிரவீனா ஊத்தங்கரையிலிருந்து மாறுதலில் வந்து அங்கே கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஒரு பருவம்கூட முடியவில்லை.

"ஏன் இப்படி?" என்று அலுவலர் கேட்டார்.

பக்கத்திலிருந்த ராஜசேகர் எழுந்தார். எட்டாம் வகுப்பின் வகுப்பாசிரியர், பல வருடமாக அதே பள்ளியில் இருப்பவர்.

"சார், எங்க கிளாஸ்ல மூணுல ஒரு பங்கு ஒடிசா, பீகார் பசங்க. கம்பெனி வேலைக்கு வந்தவங்க பிள்ளைங்க. தமிழே தெரியாது. மார்க் எங்கிருந்து வரும்?"

அலுவலர் தலையாட்டிவிட்டு அடுத்த பள்ளிக்குப் போனார். ராஜசேகர் சொன்னதில் பொய் இல்லை. ஆனாலும் பிரவீனாவுக்கு உறுத்தியது. கரும்பலகையில் எழுதிப் போட்ட கணக்கை அந்த வகுப்பில் முதலில் முடிப்பவள் லிப்சா. ஒடிசாக்காரப் பெண். அவள் அப்பா இரும்பு வார்க்கும் பவுண்டரி ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை செய்தார்.

மறுநாள் பிரவீனா வகுப்பில் ஒரு சிறு தேர்வு வைத்தாள். தாளின் முன்பக்கம் வெறும் எண்கள். பின்பக்கம் அதே கணக்குகள், பாடப்புத்தகத்தில் வருவது போல லாப நஷ்ட வாக்கியங்களாக. திருத்த உட்கார்ந்தபோது முன்பக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் வெளிமாநிலப் பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. லிப்சா ஒன்றைக்கூட விடவில்லை. பின்பக்கத்தை அவள் தொடவே இல்லை. அதைப் பிரவீனா எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்க்காதது, உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கே தடுமாறி விழுந்திருந்ததுதான்.

சுவாதியைக் கூப்பிட்டாள். கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ரோஜா பயிரிடும் குடும்பத்துப் பெண். முன்பக்கம் எல்லாம் சரி, பின்பக்கம் எல்லாம் தப்பு.

"ஏம்மா, ரெண்டும் ஒரே கணக்குதானே?"

"அடக்க விலைன்னு போட்டிருக்கு மிஸ். அடக்கம் பண்றதுன்னா பொதைக்கிறதுதானே? அதுல எப்படி லாபம் வரும்?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் பதிலுக்காகப் பிரவீனாவின் முகத்தையே பார்த்தார்கள். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அது சுவாதிக்கு மட்டும் இருந்த சந்தேகம் இல்லை என்று.

தாள்களை ராஜசேகரிடம் காட்டினாள். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்ம ஊர்ப் பசங்களுக்குமா மேடம்?"

"ஆமா சார். பாதிப் பேர் வீட்ல தெலுங்கு, கன்னடம். தமிழ் பேசுற வீட்லயும் இந்தத் தமிழ் யார் பேசுறா?"

அவர் தாள்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். "அந்தக் கூட்டத்துல நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது" என்றார்.

அதன்பின் கணக்குப் பாடவேளை சந்தைக்கடை ஆயிற்று. பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்து ஒரு கணக்கைக் கொண்டுவர வேண்டும். சொந்த மொழியில் சொல்லி, பிறகு பேச்சுத் தமிழுக்கு மாற்றி, கடைசியில் புத்தகத் தமிழில் எழுத வேண்டும். சுவாதி ரோஜாக் கட்டுகளுக்குக் கணக்குப் போட்டாள். லிப்சா அப்பாவின் ஓவர்டைமுக்குப் போட்டாள். தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ராஜசேகர் தன் ஓய்வு நேரத்தில் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சத்தம் தாங்கவில்லை என்று பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வந்தது. முதலில் சுவாதி வாசிக்க லிப்சா போடுவாள். போகப் போக லிப்சாவே எழுத்துக் கூட்டி வாசித்தாள். அர்த்தம் புரியாத இடத்தில் சுவாதியோடு சண்டைக்குப் போனாள்.

அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது லிப்சா வரவில்லை. பிரவீனா அவர்கள் வீட்டுக்குப் போனாள். ஒற்றை அறையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்கு வேலை கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளிக்கு மாறியிருந்தது.

லிப்சாவின் அம்மா ஏதோ சொன்னார்.

"அங்க கன்னட ஸ்கூல் இருக்கு, அதுல சேருன்னு சொல்றாங்க மிஸ்" என்றாள் லிப்சா. "ஒடியா எழுத்து மறந்துபோச்சு. தமிழ் இப்பதான் வருது. இன்னொரு வாட்டி முதல்லேர்ந்து என்னால முடியாது."

அதையே அம்மாவிடம் ஒடியாவில் சொல்லும்போது அழுதுவிட்டாள். அம்மா பதிலுக்குக் கையை நீட்டி ஹைவேயைக் காட்டினார். லாரிகள் ஓயாமல் போய்க்கொண்டிருந்தன. தனியாக எப்படி அனுப்புவது என்று கேட்கிறார் என்பது மொழி தெரியாமலே பிரவீனாவுக்குப் புரிந்தது.

மறுநாள் ராஜசேகரிடம் சொன்னாள். அவர் குடியிருந்ததும் அத்திப்பள்ளியில்தான். தினமும் பைக்கில் வருபவர்.

"அட்ரஸ் இருக்கா மேடம்?" என்று மட்டும் கேட்டார்.

திங்கட்கிழமை அவர் பைக்கை விட்டுவிட்டு, பெங்களூரு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பின்னாலேயே லிப்சா இறங்கினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பிள்ளைகள். ஆறு மாதத்துக்கு முன்பே அந்தப் பக்கம் குடிபோய்ப் படிப்பை நிறுத்தியிருந்தவர்கள். அவர்கள் வீட்டையும் தேடிப் போயிருக்கிறார்.

"நாளைக்கும் பஸ் ஸ்டாப்புக்கு லேட்டா வந்தீங்க, விட்டுட்டு வந்துருவேன்" என்று மூவரையும் அதட்டிக்கொண்டே ரோட்டைக் கடந்தார். அந்தக் கல்வியாண்டு முடியும்வரை ஒரு நாளும் விட்டுவிட்டு வரவில்லை.

அடைவுத் தேர்வு பிப்ரவரியில் நடந்தது. முடிவு வந்தபோது பள்ளி முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. ஆனால் கடைசியிலிருந்து ஏறி, வட்டாரத்தின் சராசரிக்கு மேலே நின்றது. வாக்கியக் கணக்குகளில்தான் அதிக ஏற்றம். கூட்டத்தில் அலுவலர் திரையைப் பார்த்துவிட்டு ராஜசேகர் பக்கம் திரும்பினார்.

"என்ன சார், அந்த வெளிமாநிலப் பசங்க எல்லாம் போயிட்டாங்களா?"

"இல்ல சார்" என்றார் ராஜசேகர். "போனவங்களும் திரும்பி வந்துட்டாங்க. எப்படின்னு இவங்களக் கேளுங்க."

பிரவீனா எழுந்து, தயங்கித் தயங்கித்தான் பேசினாள். பேசி முடித்தபோது மற்ற பள்ளி ஆசிரியர்கள் இரண்டு பேர் அவளிடம் அந்த இருபக்கத் தேர்வுத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

ஜூன் மாதம் லிப்சாவும் சுவாதியும் ஓசூரில் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தார்கள். ஒரு மாலையில் ஓசூர் பஸ் நிலையத்தில் பிரவீனாவை யாரோ கையைப் பிடித்து நிறுத்தினார்கள். லிப்சாவின் அம்மா. மகளைக் கூட்டிப்போக வந்திருந்தார்.

"டீச்சர், சாப்டீங்களா?" என்றார்.

"சாப்டேம்மா. நீங்க?"

அவருக்கு அதற்கு மேல் தமிழ் தெரியவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். பிடித்த கையை மட்டும் விடவில்லை.