நானூற்று எழுபத்தாறு சென்டிமீட்டர்

தலைவர் நிராசாவா அந்தக் கேசட்டை எடுக்கும்போது வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார். முதலில் ஊதாப் பட்டுத் துணி, துணிக்குள் மரப்பெட்டி, பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் கேசட். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இவ்வளவு பதமாகத் தூக்கியதில்லை என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார்.

அதில் பாட்டு கிடையாது. ஒரே ஒரு விசில், நொடிக்கு மூவாயிரம் அதிர்வு. வீட்டில் உட்கார்ந்து பழைய கேசட் டெக்குகளைச் சரிசெய்கிற எங்கள் ஹமமாட்சு நகர நண்பர் வட்டத்தில் பதினோரு பேர். எங்கள் டெக்குகள் எல்லாமே அந்த விசிலிடம் பரீட்சை எழுதியவை. அதிர்வை எண்ணும் மீட்டர் மூவாயிரம் காட்டினால் டெக் சரியான வேகத்தில் ஓடுகிறது என்று பொருள். தலைவர் அதன் முதுகில் சிவப்பு முத்திரை குத்துவார். முத்திரை விழுந்ததுதான் நவம்பர் மூன்றாம் தேதி சமூகக் கூடத்துக் கண்காட்சிக்குப் போகும்.

இசோகாய் அம்மாவின் டெக் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது காட்டியது.

என் பக்கத்தில் இருந்த உறுப்பினர் உதோ, உரித்துக்கொண்டிருந்த ஆரஞ்சைப் பாதியில் வைத்தார்.

"ரப்பர் பெல்ட் மாத்தினேன்னு டெக்கோட அட்டையில எழுதியிருக்கீங்க" என்றார் தலைவர், கையுறையைக் கழற்றாமலே.

"மாத்தினேன்."

"புது பெல்ட் போட்ட டெக் இப்படி நொண்டாதே, இசோகாய்-சான்."

"என் டெக் நொண்டல, தலைவரே. சரியாத்தான் ஓடுது."

"அப்ப என் கேசட் பொய் சொல்லுதா?" தலைவர் சிரித்தார். எட்டுப் பேர் கூடச் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. துணிச்சலினால் இல்லை. இசோகாயை வட்டத்துக்கு அறிமுகப்படுத்தியவன் நான். எங்கள் ஊரில் அறிமுகம் என்பது பெயரைச் சொல்லிவிட்டு நழுவுகிற வேலை இல்லை. அவர் தப்பு செய்தால் நெற்றி தரையில் படக் குனிய வேண்டியது என் முதுகு.

இசோகாய்க்கு அதைவிடப் பெரிய ஆபத்து இருந்தது. கடைத்தெருவில் அவர் துணி திருத்துகிற கடை வைத்திருக்கிறார். போடாத பெல்ட்டைப் போட்டதாக எழுதுகிறவர் என்று பெயர் பரவினால், அவரை நம்பிக் கம்பளிக் கோட்டின் உள்துணியைப் பிரிக்க யார் கொடுப்பார்கள்?

"அடுத்த ஞாயித்துக்கிழமை முடிவு பண்ணலாம்" என்றார் தலைவர். "அதுவரைக்கும் டெக் நெமோத்தோ-சான் வீட்ல இருக்கட்டும். அறிமுகப்படுத்தினவர் பொறுப்பு."

வாசலில் செருப்பு மாட்டும்போது இசோகாய் என் சட்டைக் கையைப் பிடித்தார். "நெமோத்தோ-சான், தயவுசெஞ்சு அதத் திறக்காதீங்க. அடுத்த வாரம் நான் ஒண்ணு கொண்டாரேன். எல்லார் முன்னாடியும் நானே திறக்கிறேன்."

"சேச்சே, நான் ஏன் திறக்கப்போறேன்?"

செவ்வாய்க்கிழமை திறந்தேன்.

திறக்காதே என்று ஒருவர் சொன்னால் அதற்குள் என்னமோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மூடியைத் தூக்கியபோது ஒரு நீல நூல் துணுக்கு கீழே விழுந்தது. தையல்காரி வீட்டுப் பொருள், நூல் இல்லாமல் இருக்குமா என்று ஊதித் தள்ளினேன். உள்ளே பெல்ட் புத்தம் புதுசு. பழைய பெல்ட் உருகித் தாராக ஒட்டியிருந்த இடம்கூட மின்னியது. உருளையில் அழுக்கில்லை. எனக்குச் சந்தேகம் தீரவில்லை, கூடியது. இவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறவர் எதையோ மறைக்கிறார். மோட்டார் ஓட்டையோ? முத்திரைக்காக அவசரப்பட்டாரோ? மன்னிப்புக் கேட்கும்போது என்ன நிறக் கோட்டு போடுவது என்பதுவரை யோசித்துவிட்டு, மூடியைத் திருகிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை தலைவர் வீட்டுக்கு இசோகாய் கொண்டுவந்தது ஒரு பிஸ்கட் டப்பா. பட்டுமில்லை, பஞ்சுமில்லை. உள்ளே ஒரு கேசட்டும், தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்கிற அளவு நாடாவும்.

"இதுல வெறும் இரைச்சல்தான் பதிஞ்சிருக்கேன். சரியா நானூத்தி எழுபத்தாறு சென்டிமீட்டர் அளந்து வெட்டி, ரெண்டு பக்கமும் சத்தமில்லாத வெள்ளை நாடா ஒட்டியிருக்கேன். கேசட் நொடிக்கு நாலு புள்ளி ஏழு ஆறு சென்டிமீட்டர் ஓடணும். அப்ப இரைச்சல் எத்தன நொடி கேக்கணும்?"

"நூறு" என்றார் உதோ. ரயில்வேயில் முப்பது வருஷம் நேரம் பார்த்தவர். கேள்வி முடியும் முன்பே சொல்லிவிட்டார்.

"ஸ்டாப்வாட்ச் நீங்களே பிடிங்க."

இசோகாயின் டெக்கில் இரைச்சல் ஆரம்பித்து, நின்றது. "நூறு" என்றார் உதோ.

தலைவரின் டெக்கில் போட்டார்கள். அதன் முதுகில் முதல் எண் முத்திரை. "தொண்ணூத்தெட்டு."

"இன்னொரு தடவை" என்றார் தலைவர்.

"தொண்ணூத்தெட்டு."

"ஸ்டாப்வாட்ச் யாரோடது?"

"உங்களோடதுதான், தலைவரே. பின்னால உங்க பேர் பொறிச்சிருக்கு."

"தையக்கார நாடா நாள்பட்டா நீண்டுடும். அத நம்பி…"

அடுப்படியிலிருந்து தலைவரின் மனைவி எட்டிப் பார்த்தார். "ஏங்க, உங்க இரும்பு அளவு நாடா அலமாரியில இருக்கு, எடுத்துட்டு வரவா?"

எடுத்துவந்தார். உதோ முழங்காலில் தவழ்ந்து, பாய்மீது அந்தக் கேசட்டின் நாடாவை இழுத்து அளந்தார். நானூற்று எழுபத்தாறு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"அப்ப அந்த விசில எதுல பதிஞ்சீங்க, தலைவரே?" இசோகாய் மரியாதையாகத்தான் கேட்டார்.

தலைவர் பெட்டியைப் பார்த்தார். "என்… இந்த டெக்லதான்."

வேகமாக ஓடும் டெக்கில் பதிந்த விசில், சரியாக ஓடும் டெக்கில் தாழ்ந்துதான் கேட்கும். அந்த விசிலை வைத்து எங்கள் பத்துப் பேரின் டெக்குகளையும் ஆறு வருஷமாக விரட்டியிருக்கிறோம். எங்கள் வீடுகளில் எல்லாப் பாடகர்களும் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிற மாதிரிதான் பாடியிருக்கிறார்கள். ஸ்பீக்கர் கம்பியை மாற்றினால் வயலினின் குணம் மாறுவது கேட்கிறது என்று போன மாதம் ஒன்றரை மணி நேரம் பேசிய காதுகள் இவை.

பிறகு தலைவர் தொண்டையைச் செருமி, வட்டத்தின் அளவுகோல் "மேம்படுத்தப்பட்டது" என்று குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். மேம்படுத்தியவர் பெயரை எழுதும்படி உதோ இரண்டு தடவை நினைவூட்டிய பிறகு இசோகாயின் பெயரும் ஏறியது. அவர் டெக்கில் முத்திரை விழுந்தது. கண்காட்சிக்குப் போகும் டெக் இப்போதைக்கு அது ஒன்றுதான்.

அதைக் காரில் ஏற்ற நான்தான் உதவினேன். "எனக்கு அப்பவே தெரியும், இசோகாய்-சான். உங்க மேல எனக்கு ஒரு துளி சந்தேகம் இல்ல."

அவர் டெக்கின் மூடி விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"இங்க ஒரு நீல நூல் ஒட்டி வெச்சிருந்தேன்" என்றார். "யாராவது திறந்தா விழுந்துடும்."

டெக்கின் முதுகில் கையை வைத்தபடி நான் காரின் சக்கரத்தைப் பார்த்தேன்.

"கையை எடுங்க, நெமோத்தோ-சான். முத்திரை இன்னும் காயல."