எண் அழிந்த தாடை

பஞ்சில் ஏறிய கறுப்பைப் பார்த்து இரஞ்சிதம் முதலில் சந்தோஷப்பட்டாள். அழுக்குப் போகிறது என்று நினைத்தாள். ஆனால் அது, நூறு வருடங்களுக்கும் முன் யாரோ ஒவ்வொரு எலும்பின்மேலும் மையால் எழுதி வார்னிஷ் பூசிவைத்த எண். வார்னிஷ் கறுத்துப்போயிருந்தது. மூன்று தாடை எலும்புகளையும் ஸ்பிரிட்டால் துடைத்து முடித்த பிறகுதான், ஒன்றில் ஓர் ஏழின் வால் மட்டும் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காய்ந்து மறைந்தது.

மெல்பனின் மேற்குப் புறத்தில் இருந்த அந்த அருங்காட்சியகக் கிடங்குக்கு அவள் செவ்வாய்க்கிழமைகளில் சம்பளமில்லாமல் வந்துகொண்டிருந்தாள். கணவர் இறந்தபின் வீட்டில் பேச ஆளில்லை. தூரிகையால் தூசி தட்டுவது மட்டுமே அவள் வேலை. ஆனால் முதியோர் இல்லத்தில் இருபது வருடம் துப்புரவு செய்த கை, கறையைக் கண்டால் நிற்காது.

மூன்றில் ஒன்றுதான் பெயர் தாங்கும் எலும்பு. கிணறு தோண்டியபோது கிடைத்து, கப்பலில் லண்டன் போய், அங்கே ஒரு நிபுணர் அதை வைத்து அழிந்துபோன ஒரு பெருவிலங்குக்கு லத்தீனில் பெயரிட்டார். அந்தப் பெயருக்கு அந்த எலும்பே சாட்சி. மற்ற இரண்டும் பின்னால் கிடைத்தவை. பழைய அறிக்கையில் படம் இல்லை. அதிலிருந்த அளவுகளோ மூன்றுக்கும் பொருந்தின. எண் இல்லாமல் எது அந்த எலும்பு என்று இனிச் சொல்லமுடியாது.

இரஞ்சிதம் எலும்புகள் இருந்த தட்டை மூடிவைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரும் கவனிக்கக்கூடாது என்று வாரம் முழுக்கப் பிள்ளையாரிடம் மன்றாடினாள்.

அடுத்த செவ்வாய், பாதி திறந்திருந்த கதவு வழியாகப் பொறுப்பாளர் ஹம்சா, அங்கே ஒப்பந்தத்தில் வேலைபார்க்கும் கிரணிடம் பேசுவது கேட்டது. “கிரண், ட்ரே உங்க பேர்லதான் வெளிய வந்திருக்கு. யாரு தொடைச்சது?”

“நான்தான் மேடம்.”

“உங்க கான்ட்ராக்டைப் புதுப்பிக்கறது இந்த வாரம்தான் முடிவாகுது. விசாவே அதுலதான் இருக்கு. தெரியும்ல?”

“தெரியும்.”

பிள்ளையாரிடம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டோம் என்று அப்போதுதான் இரஞ்சிதத்துக்கு உறைத்தது. உள்ளே போனாள்.

“அவர் செய்யேல்லை. நான்தான் துடைச்சனான்.”

கிரண் திரும்பினான். “ஆன்ட்டி, நீங்க சும்மா இருங்க.”

“நீர் ஏன் பொய் சொன்னனீர்?”

“குப்பைத்தொட்டில பஞ்சைப் பார்த்தேன். உங்களை வர வேணாம்னு சொல்லிடுவாங்க. அப்புறம் யார்கிட்ட பேசுவீங்க?”

“அதுக்கு வேலையை விடுறதே? விசரே உமக்கு? பெண்சாதி கேட்டா கூட்டுற தும்புக்கட்டையாலதான் அடி தருவா.”

ஹம்சாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். கணினியில் அந்த எலும்புகளின் பதிவைத் திறந்தாள். பிறகு, “தன்னார்வலர் ஒருத்தர்னு மட்டும் எழுதிக்கறேன், ஆன்ட்டி. பேரு வேண்டாம்” என்றாள்.

இரஞ்சிதம் மறுப்பாகத் தலையசைத்தாள். “இல்லைப் பிள்ளை, என்ர பேரைப் போடுங்கோ. இல்லாட்டி பிறகு வாசிக்கிறவை இவரைத்தான் நினைப்பினம்.”

ஹம்சா எழுதினாள். அந்தப் பதிவில் பெயரிட்டவரின் பெயர் இருந்தது. கிணறு தோண்டியவரின் பெயர் இல்லை. இப்போது கடைசி வரியில் இரஞ்சிதம் ஜெயரட்ணம் என்றொரு பெயர் சேர்ந்தது. எதற்காகச் சேர்ந்தது என்பதை அவள் இரண்டு தடவை வாசித்தாள்.

கிரணின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கடிதத்தில் அன்றே கையெழுத்திடுவதாக ஹம்சா சொன்னாள். இரஞ்சிதத்தின் அடையாள அட்டையை வாங்கிக்கொள்ளும்போது அவள் கையைச் சிறிது நேரம் விடாமல் பிடித்திருந்தாள். விதி விதிதான். எலும்பு அறைக்கு அவள் இனி வரமுடியாது.

கிரண் மூன்று தாடைகளையும் ஒரே தட்டில் வைத்து, ‘எது என்று தெரியாது, பிரிக்க வேண்டாம்’ என்று சீட்டு எழுதினான். பிறகு மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு அவளோடு வெளியே வந்தான். பஸ் வர இருபத்தைந்து நிமிடம் இருந்தது. உள்ளே வேலை கிடந்தது. இருந்தும் அவன் போகவில்லை, சாரல் அடிக்கிற பக்கமாக நின்றுகொண்டு, “நேத்து என்ன சமைச்சீங்க, ஆன்ட்டி?” என்று கேட்டான்.